நாற்பத்திரண்டில் மீதி

இடது கண்ணுக்குக் கீழே
பட்டாணி அளவு வீக்கம்.
முள் என்றேன்.
காற்று மணலை வாரி அறைகிற ஊர்,
சூபுத்தில் எதற்குத்தான் கண் வீங்காது?
உப்புத் தண்ணீரில் துணி நனைத்து ஒற்றப் போனேன்.
பிஸ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
பதின்மூன்று வயதில் முதன்முறையாக
என் கை வேண்டாம் என்றாள்.

பட்டாணி கோலிக்குண்டானது.
ஜூன் பனியில் எஸ்கேல் வரை
நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போனேன்.
மருத்துவர் க்ரிசெல்டா ப்யூ
கண்ணைப் பார்க்கவே இல்லை.
உதட்டைத் தூக்கினார்.

அந்த நாற்றம் எனக்குத் தெரிந்ததுதான்.
இரண்டு குளிர்காலமாக
அடுப்பருகிலிருந்து வீசியது.
கிழட்டு நாய் வாசம் என்று அதற்குப் பேர் வைத்து
ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன்.

"மேல் கடைவாய்ப் பல், தோன் அனாக்ளெதோ.
வேர் கண்ணுக்கடி வரை போகிறது.
முள் இல்லை இது, சீழ்.
எலும்பைக் கடைசியாக எப்போது கடித்தாள்?"

வேலியோரம் நரிக்கு விட்டுவைத்த விலாவெலும்பு.
நாக்கு ருசி பார்க்கத் தொடங்கிவிட்டது என்று
கேலி செய்தேன்.
ரொட்டித் துண்டைக் கீழே போட்டுப் போட்டு எடுத்தாள்.
தலையை வலப்பக்கம் சாய்த்துத் தின்றாள்,
காற்றைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறு என்று
நமக்குச் சொல்லலாம்.
பல்லே வலியென்றால்
எதைக் கடிப்பது?
அவள் பாட்டுக்கு
அறுநூறு ஆட்டைச் சரிவிலிருந்து இறக்கினாள்,
கார்த்திகையா மார்கழியா என்று
பார்க்காத வேலைக்காரி மாதிரி.

முதலில் இதயத்தைக் கேட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள்.
வயது ஒரு நோயில்லை என்றார் மருத்துவர்.
மயக்க மருந்து ஏறும்வரை காதைப் பிடித்திருந்தேன்.
பிறகு வண்டிக்குள் நான்,
மாத்தே ஆறிப்போய்க் கசந்தது,
குடித்தேன்.

எஃகுத் தட்டில் காட்டினார்:
கெண்டிக்குள் படிகிற சுண்ணாம்பு போலக்
காவி அப்பிய பத்தொன்பது பற்கள்.
"நான்கைப் பிடுங்கவே இல்லை.
தொட்டதும் வந்துவிட்டன."
நாற்பத்திரண்டில் மீதி இருபத்து மூன்று.
மூன்று கடாக்களின் விலையை எண்ணி வைத்தேன்.

இந்தக் காசுக்கு
முழுப் பல்லோடு குட்டியே கிடைக்குமே
என்று சிரித்தான் பக்கத்துப் பண்ணை எவரிஸ்தோ.
பதில் சொல்லவில்லை.
வாயைத் திறந்தால்
என் கீழ்வரிசை தெரிந்துவிடும்.

மூன்று வாரம் கொத்திய இறைச்சி,
ஊறவைத்த ரொட்டி.
இப்போது கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே
சமையலறையைச் சுற்றுகிறாள்.
கோரைப்பல் போன இடத்தில்
நாக்கு ஒருபக்கம் வழிந்து தொங்குகிறது,
கொடியில் மறந்துபோன காலுறை.
வண்டியில் தானே தாவி ஏறுகிறாள்.
ஏறுகிறாள்!
கிழவியாகிவிட்டாள் என்று நான் சொன்னதில் பாதி
பல்வலி.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவளுக்குக் குரைப்பு கூடியிருக்கிறது.
நேற்று ஒரு கிழட்டுப் பெண்ணாடு
திரும்பி நின்று குளம்பால் தரையை உதைத்தது.
பிஸ்கா வாயைத் திறந்தாள்,
என்னவோ நினைத்து
மூடிக்கொண்டாள்.
கண்ணால் மட்டும் பார்த்தாள்.
ஆடு வழிவிட்டது.
எந்தக் காலத்திலும் அவள் கடித்ததில்லை,
அது ஆடுகளுக்குத் தெரியாது.
நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

க்ரிசெல்டா கிளம்பும்போது சொன்னார்:
தெருவுக்கு எதிர்ப்பக்கம்
மனிதர்களுக்கும் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார்.
என் வாயை எப்போது பார்த்தார்,
தெரியவில்லை.
நானும் வலப்பக்கமாகத்தான் மெல்லுகிறேன் போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி.
வண்டிக்குள் அவள் காத்திருப்பாள்,
நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு.
கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.
என் காதை
யார் பிடித்துக்கொள்வது?